இருக்கைக்கு அடியில் பெட்டி உள்ள வெளிப்புற நாற்காலி: எதைப் பார்த்து வாங்குவது, பாகங்களைச் சேர்த்து எப்படிப் பூட்டுவது

கேள்வி இதுதான்: இருக்கைப் பலகையைத் தூக்கினால் அடியில் பெட்டி இருக்கும் வகை நாற்காலி இரண்டு வாங்கி வெளியில் போட வேண்டும். குஷன்களையும் சில்லறைச் சாமான்களையும் அதற்குள்ளேயே போட்டு வைக்க எண்ணம். எந்தப் பொருளில் செய்தது நல்லது, பிரித்த நிலையில் வருவதை நாமே பூட்டிவிட முடியுமா, மழை பெய்தால் உள்ளே நனையுமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கான பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

நனையும். கொட்டுகிற மழையில் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான இருக்கை மூடிகள் தம் எடையில்தான் மூடிக்கொண்டிருக்கின்றன, ரப்பர் பட்டை வைத்து அழுத்தி மூடும் அமைப்பு அபூர்வம். காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை கீல் பக்க இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது உள்ளே வரும். அதைவிடப் பெரிய ஈரத்தை உள்ளே கொண்டுபோய் வைப்பது நாம்தான். காய்ந்த மாதிரி தெரிகிற குஷனை மாலையில் எடுத்து உள்ளே போட்டு மூடுகிறோம். அதன் நடுப் பஞ்சில் நூறு கிராம் தண்ணீர் இருந்தால்கூடக் கைக்குத் தெரியாது. இதோடு ஒப்பிட்டால் காற்றில் உள்ள ஈரம் ஒன்றுமே இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். 65 லிட்டர் பெட்டியில் அடைபட்ட காற்று ராத்திரியில் அப்படிக் குளிர்ந்தால் வெளியே தள்ளும் தண்ணீர் ஒரு கிராம்கூட வராது. ஆகவே காலையில் மூடியின் உள்பக்கம் துளித்துளியாக வியர்த்திருப்பதைப் பார்த்தால் உள்ளே வைத்த பொருளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெட்டவெளியில் மூடி சீக்கிரம் குளிர்ந்துவிடும், குஷன் விட்ட ஆவி அதில் படிந்து, திரும்பக் குஷன் மேலேயே சொட்டும். பூஞ்சை வாடை இப்படித்தான் வருகிறது.

அதனால் வாங்கும்போது "நீர் புகாதது" என்ற வார்த்தையைத் தேடாதீர்கள். புகுந்த தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் அடிப்பலகையில் ஓட்டைகளோ பலகைகளுக்கு இடையே இடைவெளியோ இருக்க வேண்டும். பின்பக்கம் மேலே காற்றுப் போக ஒரு இடுக்கு வேண்டும். அடிப்பலகை தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக் தொட்டி வகைகளும் கிடைக்கின்றன. மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால் அது தண்ணீர்த் தொட்டிதான். 65 லிட்டர் என்றால் 65 கிலோ, ஒருவர் நகர்த்த முடியாது. இந்த வகையில் அடியில் நான்கு மூலையிலும் எட்டு மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்வது நல்லது, பூச்சி வராமல் இருக்க மேலே ஒரு துண்டு வலையை ஒட்டினால் போதும்.

அடுத்தது, பெட்டிக்குள் உண்மையில் எவ்வளவு கொள்ளும் என்பது. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

உட்காரும் உயரம் தரையிலிருந்து 45 செ.மீ. என்று வையுங்கள். குஷனுக்கு 10, மூடிக்கு 3, அடிப்பலகைக்கு 2, தரையிலிருந்து விட்ட இடைவெளி 3. மிச்சம் 27 செ.மீ. ஆழம். உள் அகலம் 50, முன்பின் 48 என்றால் மொத்தம் 65 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது குஷன்களைக் கணக்கிடுங்கள். 55க்கு 55 அளவில் 10 செ.மீ. தடிமனுள்ள இருக்கைக் குஷன் 30 லிட்டர், 55க்கு 45 அளவில் 12 செ.மீ. தடிமனுள்ள முதுகுக் குஷன் இன்னொரு 30 லிட்டர். காகிதத்தில் இரண்டும் கொள்ளும். ஆனால் 55 செ.மீ. அகலமுள்ள குஷன் 50 செ.மீ. வாய்க்குள் தட்டையாக இறங்காதே! இருக்கைக் குஷன் நாற்காலியின் வெளி அளவுக்குத் தைக்கப்பட்டது, பெட்டியோ பக்கச் சுவர்களின் தடிமன் போக மிஞ்சியது. ஆக, ஒற்றை நாற்காலியின் பெட்டி பெரும்பாலும் அதே நாற்காலியின் குஷன்களைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. மடித்துத் திணித்தால் மூடி மேலே தூக்கி நிற்கும், அந்த இடைவெளிதான் மழைக்கு வாசல்.

குஷன்களை வைப்பதுதான் முக்கிய நோக்கம் என்றால் இரண்டு ஒற்றை நாற்காலிகளுக்குப் பதில் இருவர் உட்காரும் பெஞ்சு ஒன்று வாங்குங்கள். அதன் உள்நீளம் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும், இடையே சுவர் கிடையாது, குஷன்கள் படுத்த வாக்கில் இறங்கும். தோட்டக் கையுறை, கத்தரி, தண்ணீர்க் குழாயின் முனைகள், விளையாட்டுப் பந்துகள் போன்றவற்றுக்குத்தான் ஒற்றை நாற்காலிப் பெட்டி பொருத்தம். எதை வைக்கப் போகிறீர்களோ அதை அளந்துகொண்டு, விற்பனைக் குறிப்பில் உள் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளி அளவை மட்டும் போட்டிருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு ஐந்து செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியால் இன்னொரு நஷ்டம் உண்டு, அது கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. சாதாரண நாற்காலியிலிருந்து எழும்போது நாம் அறியாமலேயே குதிகால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, உடலை முன்னால் சாய்த்து எழுகிறோம். இருக்கைக்கு அடியில் தரை வரை பெட்டி இருந்தால் குதிகால் சுவரில் இடிக்கும், பின்னால் போகாது. முட்டிவலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது பெரிய தொந்தரவு. பெட்டியின் முன்சுவர் இருக்கை விளிம்பிலிருந்து எட்டுப் பத்து செ.மீ. உள்ளே தள்ளியிருக்கும் மாதிரியைத் தேடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் கைப்பிடியாவது உறுதியாகவும் இருக்கையின் முன் விளிம்பு வரை நீண்டும் இருக்கட்டும், ஊன்றி எழலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்காகவே பெட்டி நாற்காலியை விட்டுவிட்டு, கைப்பிடிக்குள் சின்ன அறை வைத்த மாதிரியையோ, கால் வைக்கும் முக்காலியில் பெட்டி உள்ள மாதிரியையோ வாங்குங்கள் என்பேன்.

பொருளுக்கு வருவோம். அலுமினியச் சட்டத்தில் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பெயிண்ட்) செய்து, பக்கங்களுக்குத் தடித்த பிளாஸ்டிக் பலகை வைத்தது பராமரிப்பு குறைவானது. நான் தேர்ந்தெடுத்தால் அதுதான். இரும்புச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் பிரம்பு பின்னியது பார்க்க அழகு, விலையும் தணிவு. ஆனால் பின்னலுக்கு உள்ளே துரு பிடிப்பது வெளியே தெரியாது. காலடிக் குழாயின் பிளாஸ்டிக் அடைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை, குழாய் உள்ளிருந்தே அரிக்கும். கையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். சட்டத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். அதே காந்தத்தைப் போல்ட்டுகளிலும் வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்பு, அந்தப் பூச்சு மெலிது. அதே அளவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்கி மாற்றிக்கொள்வது சிறு செலவுதான். கடலோரமோ குளோரின் போட்ட நீச்சல்குளமோ பக்கத்தில் இருந்தால் 304 ரகம் போதாது, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும். அப்படி மாற்றும்போது ஒன்று: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். இடையில் நைலான் வாஷர் போட்டு, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

முழுப் பிளாஸ்டிக் வகை இலேசு, துரு கிடையாது. வெயிலுக்கான தடுப்புக் கலவை சேர்க்காத பாலிப்ரோப்பிலீன் சில வருடங்களில் வெளுத்து, தொட்டால் மாவு மாதிரி கையில் ஒட்டும், அப்புறம் விரிசல் விடும். இருக்கை மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அமுங்கினால் அடியில் விலா எலும்பு போன்ற வரிகள் இல்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். மரத்தில் தேக்கு தன் எண்ணெயிலேயே தாக்குப்பிடிக்கும். சாம்பல் நிறமாக மாறுவது தோற்றம் மட்டுமே, கெட்டுப்போவதல்ல. அகேசியா, யூகலிப்டஸ் மரங்கள் அடிக்கடி எண்ணெய் கேட்கும். எந்த மரமானாலும் பெட்டியின் அடிப்பலகையைத் திருப்பிப் பாருங்கள். மேலே நல்ல மரம் போட்டு அடியில் சாதாரண மரத்தூள் பலகை வைத்திருப்பார்கள். அது ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிசயம்.

மூடி விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். மூடியே இருக்கை என்பதால் நம் முழு எடையும் அதன் மேல். அந்த எடை பெட்டியின் விளிம்பில் இறங்க வேண்டும், கீலில் இறங்கக் கூடாது. ஒரு காகிதத் துண்டை விளிம்புக்கும் மூடிக்கும் இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் காகிதம் இறுக்கமாகப் பிடித்தால் சரி. பின்பக்கம் மட்டும் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே எடையைத் தாங்குவது கீல் ஸ்க்ரூக்கள்தான், சீக்கிரம் பிடுங்கிக்கொள்ளும். திறந்த மூடி தானாக விழாமல் நிற்க ஏதாவது பிடிமானம் இருக்க வேண்டும், விரல் நசுங்குவது இதில்தான். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், மூடியதும் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி வேண்டவே வேண்டாம். பெஞ்சு அளவுப் பெட்டிக்குள் குழந்தை ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும், காற்று போகும் இடுக்கும் வேண்டும்.

லேபிளில் ஈ.என். 581 என்று இருந்தால் அது வெளிப்புற நாற்காலி மேசைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை, அதன் இரண்டாம் பகுதி இருக்கைகளின் உறுதியைப் பற்றியது. உட்கார்ந்தால் உடையாது என்பதற்கு அது ஆதாரம், மழை புகாது என்பதற்கு அல்ல. இருக்கை தாங்கும் எடையும் பெட்டியின் அடிப்பலகை தாங்கும் எடையும் வேறு வேறு. 120 கிலோ என்று போட்டிருப்பது பெரும்பாலும் முதலாவதைத்தான்.

சரி, பூட்டும் வேலை. தாராளமாக நீங்களே செய்யலாம். ஒற்றை நாற்காலிக்கு ஒரு மணி நேரம், பெஞ்சுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, மூடி மாட்டும்போது மட்டும் இன்னொருவர் கை வேண்டும்.

நான் முதன்முதலில் பூட்டிய நாற்காலியில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போல்ட்டையும் போட்டவுடனே முழுசாக டைட் செய்துகொண்டே போனேன். கடைசிப் போல்ட்டுக்கு வந்தபோது ஓட்டைகள் மூன்று மில்லிமீட்டர் விலகி நின்றன. தயாரித்தவர்கள்தான் தப்பு என்று நினைத்து, டிரில் எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கினேன். அந்த நாற்காலி இருந்தவரை ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஓட்டை சரியாகத்தான் இருந்திருக்கிறது. முன்னால் டைட் செய்த பன்னிரண்டு போல்ட்டுகள்தான் சட்டத்தை ஒரு பக்கமாக இழுத்துவிட்டன.

ஆகவே, எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் இரண்டு மூன்று சுற்று போடுங்கள். அத்தனையும் உள்ளே போகும் வரை ஆலன் கீயை (போல்ட் தலையின் அறுகோணக் குழிக்குள் போட்டுத் திருப்பும் சாவி) எடுக்காதீர்கள். மரை சரியாகப் பிடிக்கிறதா என்று தெரிய, போல்ட்டை வைத்துக் கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்புங்கள். ஒரு சின்னத் துள்ளல் கையில் தெரியும், அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் நேராக இறங்கும். ஆரம்பத்திலேயே இறுக்கமாக இருந்தால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள். பவுடர் கோட்டிங் மரைக்குள் படிந்திருப்பதும் உண்டு. அப்போது போல்ட்டை அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று ஏற்றி இறக்கினால் தூள் உதிர்ந்து வழிவிடும். பிரம்புப் பின்னல் வகையில் ஓட்டை பின்னலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், மழுங்கிய முனையால் பின்னலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், அறுக்காதீர்கள்.

பேக்கிங் அட்டையைத் தரையில் விரித்து அதன்மேல் வேலை செய்தால் பெயிண்ட் கீறாது. பைகளைப் பிரித்ததும் போல்ட்டுகளை நீள வாரியாக அடுக்குங்கள். 35 மி.மீ. போல்ட்டும் 40 மி.மீ. போல்ட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இடம் மாறினால் ஒரு இடத்தில் மரை பிடிக்காது, இன்னொரு இடத்தில் முனை பெட்டிக்குள் நீட்டிக்கொண்டு குஷனைக் கிழிக்கும். நீளத்தைத் தலைக்குக் கீழிருந்துதான் அளக்க வேண்டும். இந்த நாற்காலிகளில் அதிகம் வருவது எம்6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட். உருண்டைத் தலையாக இருந்தால் 4 மி.மீ. ஆலன் கீ, உருளைத் தலையாக இருந்தால் 5 மி.மீ. பேக்கிங்கோடு வரும் குட்டைக் கீயால் விரல் வலிக்கும், நீளக் கைப்பிடி வைத்தது ஒன்று இருந்தால் வேலை பாதியாகும். ஸ்பிரிங் வாஷர் போல்ட் தலையை ஒட்டி இருக்க வேண்டும், தட்டை வாஷர் அதற்குக் கீழே சட்டத்தை ஒட்டி. மாற்றிப் போட்டால் ஸ்பிரிங் வாஷரின் முனை பெயிண்டைக் கீறி, துரு அங்கிருந்தே தொடங்கும்.

பூட்டும் வரிசை: முதலில் இரண்டு பக்கச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் முன், பின் கம்பிகள், பிறகு பெட்டியின் பக்கப் பலகைகள், அடிப்பலகை. பின்பலகையை ஒப்புக்கு மாட்டாதீர்கள். சாதாரண நாற்காலியில் கால்களுக்கு இடையே குறுக்குக் கம்பி செய்யும் வேலையை இதில் பெட்டிப் பலகைகள் செய்கின்றன. ஒரு பலகை தளர்ந்திருந்தால் முழு நாற்காலியும் பக்கவாட்டில் ஆடும். எல்லாம் மாட்டிய பிறகு நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். மொட்டை மாடியும் தோட்டத் தரையும் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருக்கும், வீட்டுக்குள் உள்ள தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஒருவரை உட்கார வைத்து, கால் நான்கும் தரையில் படிந்த நிலையில், மூலைக்கு மூலை எதிராக மாறி மாறி டைட் செய்யுங்கள்.

பவர் டூல் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாகச் சுழற்றினால் மரைகள் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு துளி கிரீஸ், நிதானமான கை, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூக்களுக்கு இன்னும் மென்மை தேவை. தலை பலகையைத் தொட்டதும் நிறுத்துங்கள், மேலும் ஒரு சுற்றுக்கு ஆசைப்பட்டால் மரை போய்விடும். ஒன்றோடொன்று சொருகும் பிளாஸ்டிக் பலகைகள் குளிரில் விறைத்திருந்தால் அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, மேலே ஒரு மரத்துண்டு வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். பலகைகளுக்கு இடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் குறை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். அரை மீட்டர் நீளமுள்ள எச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பலகை 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நீளும், அதற்கு விட்ட இடம் அது.

மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங் (வாயு அடைத்த உருளையும் அதிலிருந்து நீளும் தண்டும்) இருந்தால் அதைக் கடைசியாக மாட்டுங்கள். முதலிலேயே மாட்டினால் அது மூடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கீலை நேராக்க விடாது. மூடி மூடிய நிலையில் மெல்லிய தண்டு கீழ்ப்பக்கமும் தடித்த உருளை மேல்பக்கமும் இருக்கட்டும். அப்போதுதான் உள்ளே உள்ள எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டிருக்கும், வாயு சீக்கிரம் கசியாது. பூட்டி முடித்ததும் அந்தக் காகிதச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

உள்ளே வைக்கக் கூடாதவை சில. அடர்நிறப் பெட்டி வெயிலில் அடுப்பு மாதிரி ஆகும். ஸ்பிரே டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள் என்று அச்சடித்திருப்பது சும்மா இல்லை. லைட்டர், கேஸ் டப்பா, பெட்ரோல், பேட்டரி வைத்த கருவிகள் எதுவும் வேண்டாம். நீச்சல்குளக் குளோரினும் கூடாது, அதன் ஆவி கீலையும் ஸ்க்ரூவையும் சில மாதங்களில் தின்றுவிடும். குஷன்களை முழுசாகக் காய்ந்த பிறகு, முடிந்தால் ஜிப் வைத்த பைக்குள் போட்டு, மதியத்தில் உள்ளே வையுங்கள். சில நாள் திறக்காமல் இருந்தால் மூடியைத் தூக்கியதும் கையை விடாதீர்கள், இருட்டும் நிழலும் உள்ள இடம் குளவிக்கும் எறும்புக்கும் பிடித்தமானது.

ஒரு மாதம் உட்கார்ந்து பழகிய பிறகு எல்லாப் போல்ட்டையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள், நாலைந்தாவது கால் சுற்று தளர்ந்திருக்கும். அதற்குத் தேவைப்படும் ஆலன் கீயை மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள், தேடும்போது அது மட்டும் கிடைக்காது.